குடலிற் புகுந்த அகப்படல நோயும் அதனைத் துணியும் நெறியும்

நோய்க்கு மருந்து தேடுதற்கு முன்னர் நோய் இன்னதெனத் துணிதல் வேண்டும் என்பது யாவரும் ஒப்பிய உண்மை. ஆயின், அங்ஙனம் துணிதல் எல்லா நோய்க்கும் ஒருபடித்தாய் எளிதன்று. சில நோய்கள் தாம் உள்ள இடத்தினின்றே தம்மை வெளிப்படுத்துவன. வேறு சில, பிறிதொரு நோயின் கோலம் புனைந்து, நோயுற்றாரையும் மருத்துவரையும் ஒருங்கே மயக்குவன. பின்னவற்றுள் ஒன்று, கருப்பையின் உட்புறத்தை மூடிய படலத்தை ஒத்த திசு குடலின் சுவரிற் பதிந்து வளரும் நோய். எண்டோமெட்ரியோசிஸ் என்று மேனாட்டு மருத்துவர் கூறும் பெருநோயின் ஒரு வகை இது. இக்கட்டுரையில் அப்பெருநோயை அகப்படல நோய் என்றும், அதன் இவ்வகையைக் குடல் அகப்படல நோய் என்றும் வழங்குவோம்.

மருத்துவம் பயிலாத தமிழ் மாணவர் இப்பொருளை எடுத்துக்கொண்டது ஏன் என வினவுவார் உளராகலாம். இந்நோய் நம்மொத்த வயதினராகிய மகளிரிடத்துந் தோன்றிப் பல்லாண்டு அறியப்படாது கிடப்பது என்பது ஒரு காரணம். இதனை அறிதற்கண் நேரும் இடர்ப்பாடுகள், நம் அளவை நூலார் வகுத்த மூன்று அளவைகளைக் கொண்டு நோக்குவார்க்கு நன்கு விளங்குவன என்பது மற்றொரு காரணம். ஒரு பொருளை உள்ளவாறு அறிதற்குக் கருவியாவது அளவை. கண் முதலிய பொறிகளால் நேரே அறிவது காட்சி; கண்ட அடையாளத்தைக் கொண்டு காணாத பொருளை உய்த்துணர்வது கருதல்; அறிந்தார் சொல்ல அறிவது உரை. இம்மூன்றனுள் காட்சி ஒன்றையே மதித்து ஏனையிரண்டையும் இகழ்ந்தமையானும், அக்காட்சியைத்தானும் உரிய இடத்திற் செலுத்தாமையானுமே இந்நோய் நெடுங்காலம் மறைந்து நிற்கின்றது. இதனை விளக்குதலே ஈண்டு நம் கருத்து.

நோயின் இயல்பு

கருப்பையின் உட்சுவரை மூடியுள்ள அகப்படலம், ஈஸ்ட்ரோஜன் முதலிய ஹார்மோன்களின் ஏவலால் மாதந்தோறும் தடித்து வளர்ந்து, கருத்தரியாவிடத்து உதிர்ந்து, குருதியோடு வெளியேறும். இதுவே மாதவிடாய். இப்படலத்தை ஒத்த திசு சூலகம், இடுப்புக்குழியை மூடிய உறை, கருப்பையைத் தாங்கும் நார்கள், சிறுநீர்ப்பை, குடல் ஆகிய இடங்களிற் காணப்படுதலே அகப்படல நோய். இடம் பெயர்ந்த இத்திசுவும் அதே ஹார்மோன்களுக்கு ஆட்பட்டதே. ஆதலின் அங்கும் அது மாறுதலுற்றுக் குருதி கசியும். கசிந்ததற்கு வெளிச்செல்ல வழியின்மையின், அவ்விடத்தில் அழற்சியும், நாளடைவில் தழும்பும் உண்டாகும். அடுத்தடுத்துள்ள உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இந்நோய் புதியதன்று. வியன்னா நகரில் நோய்க்கூற்றியல் வல்லுநராய் விளங்கிய கார்ல் வான் ரோக்கிடான்ஸ்கி, 1860-ஆம் ஆண்டில் கருப்பைத் திசுவை ஒத்த வளர்ச்சிகளைப் பற்றி எழுதினார். அமெரிக்காவின் ஆல்பனி நகர மருத்துவர் ஜான் சாம்ப்சன், 1921-இல் சூலகத்துத் தோன்றும் குருதிக் கட்டிகளையும், 1922-இல் குடலில் தோன்றும் இத்தகைய வளர்ச்சிகளையும் விரித்துரைத்தார். மாதவிடாய்க் குருதியில் ஒரு பகுதி கருக்குழாய்களின் வழியே பின்னோக்கிச் சென்று, வயிற்றறையில் வீழ்ந்து, ஆங்கே வேரூன்றுவதால் இந்நோய் வருகின்றது என்னும் கொள்கையை 1927-இல் அவர் நிலைநாட்ட முயன்றார். அங்ஙனம் பின்னோக்கிச் செல்லுதல் பெரும்பாலான மகளிரிடத்து நிகழ்வதாகவும், நோயோ சிலரையே பற்றுதலின், அக்கொள்கை ஒன்றே போதாது என்று இக்காலத்தார் கருதுவர்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, பிள்ளைப்பேற்றுக்குரிய வயதினருள் நூற்றுக்கு 10 பேர் அளவில், அஃதாவது ஏறத்தாழ 19 கோடி மகளிர், அகப்படல நோயுடையர். அவருள் நூற்றுக்கு 5 முதல் 12 பேர்க்குக் குடலும் தாக்குண்ணும் எனப் பொதுவாகக் கூறுவர். குடலுள்ளும் மலக்குடலும், அதற்கு மேலுள்ள சிக்மாய்டு என்னும் வளைந்த பெருங்குடற் பகுதியுமே பெரிதும் தாக்கப்படுவன. குடல் முடிச்சுகளுள் நூற்றுக்கு 90 வரை இவ்விரண்டிடத்தே காணப்படும். குடல்வால், சிறுகுடலின் கடைப்பகுதி, பெருங்குடலின் தொடக்கம் என்பன எஞ்சியவற்றுக்கு இடமாவன. குடலின் வெளித்தோலில் ஒட்டிக் கிடப்பது ஒன்றே குடல் அகப்படல நோய் எனப்படாது. குடற்சுவரின் தசைப்படலம் வரை ஊடுருவியதே அப்பெயர் பெறும். இவ்வேறுபாடு பின்னர்ப் பயன்படும், நினைவிற் கொள்க.

உரை

அளவை நூலார் காட்சியை முதற்கண்ணும் உரையை இறுதிக்கண்ணும் வைத்தனர். இந்நோயிலோ உரையே முன்னிற்றற்குரியது. என்னை? வலி என்பது உற்றார்க்கன்றிப் பிறர்க்குக் காட்சியாகாதது. அதனை அறிந்தவர் அவர் ஒருவரே. ஆதலின் அவர் கூற்றே ஏனையோர்க்கு அளவையாவது.

அவ்வுரை எழுதற்கே தடைகள் பல உள. நன்னூலார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். நாகரிகம் கருதி வெளிப்படக் கூறலாகாத சொல்லை மறைத்து வேறொரு சொல்லாற் கூறுதல் இடக்கரடக்கல். மலங்கழித்தபின் தூய்மை செய்து வந்தவனைக் ‘கால் கழுவி வந்தான்’ என்றல் அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு. மாதவிடாயையும் ‘தூரம்’ என்றும் ‘வீட்டுக்கு விலக்கு’ என்றும் மறைத்தே வழங்குகின்றோம். மலமும் மாதவிடாயும் ஆகிய இவ்விரண்டும் கூடுமிடத்தே நிற்பது குடல் அகப்படல நோய். மாதவிடாய் நாட்களில் மலங்கழிக்கும்போது தாங்கலாகா வலி உண்டாகின்றது என்று ஒரு பெண் சொல்லவேண்டுமாயின், மறைத்தற்குரியன எனத் தான் கற்ற இரண்டனையும் ஒரே வாக்கியத்தில் வெளிப்படச் சொல்லவேண்டியவளாகின்றாள். அவள் ‘வயிறு சரியில்லை’ என்று மட்டும் சொல்லி அமைவாளாயின், அதனைக் கேட்ட மருத்துவர் செரிமானத்திற்கு மருந்து கொடுத்து அனுப்புவதில் வியப்பில்லை.

சொல்லியபின்னும் ஏற்றுக்கொள்ளப்படாமை அடுத்த தடை. ‘எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே, மணமானால் நீங்கிவிடும், ஒரு பிள்ளை பிறந்தால் சரியாய்விடும்’ என்னும் ஆறுதல் மொழிகளை அறியாத வீடு நம்மிடையே அரிது. மேனாட்டிலும் நிலைமை பெரிதும் வேறன்று. ஐக்கிய இராச்சியத்துப் பாராளுமன்ற உறுப்பினர் குழு ஒன்று 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டில் அகப்படல நோய் துணியப்படுவதற்குச் சராசரி 8 ஆண்டுகள் ஆகின்றன என்று கூறிற்று. நோய் துணியப்படுமுன் பத்து முறைக்கு மேல் தம் குடும்ப மருத்துவரிடம் சென்றோர், அவ்வாய்விற் கலந்துகொண்டாருள் நூற்றுக்கு 58 பேர். 1970-ஆம் ஆண்டில் சென்னையிற் பிறந்து அமெரிக்காவில் எழுத்தாலும் தொலைக்காட்சியாலும் புகழ்பெற்ற பத்மா லட்சுமி, தம் 13-ஆம் வயதில் தொடங்கிய வலிக்குத் தம் 36-ஆம் வயதிலேயே பெயர் தெரிந்தது என்று வெளிப்படையாகக் கூறியுள்ளார். இடைப்பட்டன 23 ஆண்டுகள். அவர் 2009-இல் டேமர் செச்கின் என்னும் அறுவை மருத்துவரோடு சேர்ந்து, இந்நோய் பற்றிய அறிவைப் பரப்ப அமெரிக்காவில் ஓர் அறநிலையம் நிறுவினார்.

ஆயின், எதனை, எவ்வாறு சொல்லுதல் வேண்டும்? ஈண்டுத் தமிழ் நமக்குத் துணைசெய்யும். நம் மொழியில் வலிக்குச் சொற்கள் மிகப் பல. குத்தல் வேறு, குடைச்சல் வேறு. பிசைதல் வேறு, முறுக்குதல் வேறு. எரிச்சல் வேறு, இழுத்தல் வேறு. மலங்கழிந்த பின்னும் கழியாதது போன்ற உணர்ச்சியோடு வருத்துவதைக் கடுப்பு என்கின்றோம். இச்சொற்கள் ஒவ்வொன்றும் மருத்துவர்க்கு ஓர் அடையாளம். குடல் அகப்படல நோயிற் பெரிதும் கூறப்படுவன இவை: மலங்கழிக்கும்போது ஆசனவாயின் உட்புறத்தே குத்தலும் இழுத்தலும், மாதவிடாயை ஒட்டி வரும் மலச்சிக்கல் அல்லது வயிற்றுப்போக்கு, அல்லது ஒன்றன்பின் ஒன்றாக இரண்டும், வயிற்று உப்புசம், கடுப்பு, உடலுறவின்போது ஆழத்தே தோன்றும் வலி, சிலர்க்கு மாதவிடாய்க் காலத்து மலத்தோடு குருதி. இவற்றோடு கடுமையான மாதவிடாய் வலியும், பிள்ளைப்பேறின்மையும் கூடியிருத்தலும் உண்டு.

இவற்றை நினைவிலிருந்து சொல்வதினும் எழுதிவைத்துச் சொல்லுதல் நன்று. மாதவிடாய் தொடங்கிய நாள், முடிந்த நாள், வலி வந்த நாள், அதன் கடுமை, மலம் கழிந்த தன்மை, குருதி கண்டது, பள்ளி அல்லது வேலைக்குச் செல்ல இயலாமை ஆகியவற்றை இரண்டு மூன்று மாதம் ஒரு நாட்குறிப்பிற் பதிந்து மருத்துவரிடம் காட்டுக. ஐக்கிய இராச்சியத்து நைஸ் என்னும் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியும் இத்தகைய குறிப்பைப் பரிந்துரைக்கின்றது. மாதவிடாயோடு தொடர்ந்து வரும் குடற்கோளாறும், குறிப்பாக மலங்கழிக்கும்போது உண்டாகும் வலியும், அகப்படல நோயை ஐயுறுதற்குப் போதிய காரணங்களுள் ஒன்று என்பதும் அதன் கூற்று.

கருதல்

நாட்குறிப்பு கையிற் கிடைத்தபின் கருதல் தொடங்குகின்றது. மலையிற் புகை கண்டு நெருப்பு உண்டெனல் கருதலுக்கு வழங்கும் எடுத்துக்காட்டு. ஈண்டுப் புகையாவது காலமுறை. குடலின் வருத்தம் மாதவிடாய்க்குச் சற்று முன்னர்த் தொடங்கி, அந்நாட்களில் மிகுந்து, பின்னர்த் தணியுமாயின், அவ்வருத்தத்திற்கும் கருப்பை சார்ந்த ஹார்மோன்களுக்கும் தொடர்பு உண்டெனக் கருதலாம்.

எனினும், கருதற்கண் இருவகைப் பிழை நேரும். அடையாளம் இருந்தும் பொருள் இல்லாதிருத்தல் ஒன்று. மாதவிடாய்க் காலத்துச் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள் குடலையும் இயக்குவன. ஆதலின் நோயில்லாத மகளிர் பலர்க்கும் அந்நாட்களில் மலம் இளகிப் போதல் உண்டு. அகப்படல நோய் இடுப்புக்குழியின் உறையில் மட்டும் இருந்து, குடற்சுவரைத் தொடாதிருக்கும்போதும் குடற்குறிகள் தோன்றுவதுண்டு. அடையாளம் இன்றியும் பொருள் இருத்தல் மற்றொன்று. நோய் முற்ற முற்றக் காலமுறை மழுங்கி, வலி மாதமுழுதும் நிற்றல் கூடும். ஆகவே, காலமுறை உண்டாயின் ஐயுறுக. இல்லையாயின் அதனால் மட்டும் விலக்கற்க.

ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளுதலாகிய திரிபு இந்நோயிற் பெரிது. எரிச்சல் மிக்க குடல் என்று கூறப்படும் ஐ.பி.எஸ். கோளாற்றின் குறிகளும் இதன் குறிகளும் பெரும்பாலும் ஒன்றே. உப்புசம், மலம் மாறிமாறிக் கழிதல், வயிற்றுவலி ஆகிய இவை இரண்டற்கும் பொது. ஒருவர்க்கே இரண்டும் இருத்தலும் கூடும். அதனால், ஐ.பி.எஸ். என்று பெயரிடப்பட்ட பின்னும் வலியின் காலத்தை ஆராய்தல் கைவிடத்தக்கதன்று. குரோன் நோய் முதலிய குடலழற்சி நோய்களும், நம் நாட்டில் குடற்காசமும், அரிதாய்ப் புற்றுநோயும் இதே கோலத்தில் வரக்கூடியன. மாதவிடாயோடு தொடர்பின்றிக் குருதி போதல், உடல் மெலிதல், காய்ச்சல், இரத்தச்சோகை, குடும்பத்தார்க்குக் குடற்புற்று இருந்தமை ஆகியன உளவாயின், அவற்றை முதற்கண் ஆராய்ந்து விலக்குதல் இன்றியமையாதது. குடலில் அழற்சி உண்டா என்பதனை மலத்திலுள்ள கால்புரோடெக்டின் என்னும் பொருளை அளந்து ஒருவாறு அறிவர்.

மருத்துவர் கையால் ஆராயுமிடத்து, பிறப்புறுப்பின் பின்சுவரிலோ மலக்குடலின் முன்சுவரிலோ கடினமான முடிச்சும் தொட்டால் நோவும் தென்படுதல் உண்டு. தென்படுமாயின் கருதல் வலுப்பெறும். தென்படாமையால் நோயின்மை பெறப்படாது. குருதியில் சி.ஏ. 125 என்னும் பொருளின் அளவு அகப்படல நோயில் உயர்தல் உண்டு. ஆயின், அது வேறு நிலைகளிலும் உயரும்; நோயிருந்தும் உயராதிருக்கும். அதுபற்றி அதனைக்கொண்டு துணிதல் கூடாது என்று வழிகாட்டிகள் விலக்குகின்றன. ஹார்மோன் மருந்தால் வலி தணிந்தமை கண்டு நோய் இதுவே எனல் நிறைவான சான்றன்று. தணியாமை கண்டு இதுவன்று எனலும் அத்தகையதே.

காட்சி

இனி, காட்சியை ஆராய்வோம். குடலில் வருத்தமெனின் குடலின் உள்ளே பார்க்கவேண்டும் என்பது எவர்க்கும் தோன்றும் எண்ணம். அதற்குரிய கருவி, ஆசனவாய் வழியே செலுத்தும் கொலோனோஸ்கோப்பி. அதனாற் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று கூறக்கேட்ட பெண், தன் வலியைத் தானே ஐயுறத் தொடங்குகின்றாள். ஈண்டு நிகழும் பிழையை உணர்தற்குக் குடற்சுவரின் அமைப்பை அறிதல் வேண்டும்.

குடற்சுவர் நான்கு படலங்களால் ஆயது. உள்ளிருந்து எண்ணுங்கால் முதலாவது சளிச்சவ்வு. அதன்கீழ் இணைப்புத் திசுப் படலம். அதனை அடுத்துத் தசைப்படலம். புறத்தே மெல்லிய வெளியுறை. குடற்புற்று சளிச்சவ்வில் தோன்றிப் புறம்நோக்கிச் செல்லும். அகப்படல நோயோ வெளியுறையிற் பற்றி உள்நோக்கிச் செல்லும். தசைப்படலத்தே தங்கித் தடித்து நின்று, சளிச்சவ்வை அரிதாகவே எட்டும். கோபுரச் சுவரின் புறத்தே அரசங்கன்று ஒன்று வேர்விட்டதாகக் கொள்க. வேர் கல்லிடுக்கிற் புகுந்து சுவரைப் பிளந்துகொண்டிருக்கும். உள்ளறையில் நிற்பவன் கண்ணுக்கோ சுண்ணப்பூச்சுப் பழுதின்றித் தோன்றும். கொலோனோஸ்கோப்பி உள்ளறையில் நின்று பார்ப்பது. குடல் நெருங்கியிருத்தலையோ, புறத்தினின்று அமுக்குண்டிருத்தலையோ அது சிலபோது காட்டும். சளிச்சவ்வினின்று எடுத்த சிறு துண்டு திசு ஆய்வில் நோயற்றதாகவே பெரும்பாலும் வரும். குருதிப்போக்கு உள்ளார்க்குப் புற்று முதலியவற்றை விலக்குதற்கு அக்கருவி வேண்டுவதே. அகப்படல நோய் இல்லையென்று முடிவு கூறுதற்கு அது கருவியன்று. காணாமை வேறு, இன்மை வேறு. காணத்தக்க இடத்திற் காணத்தக்க கருவியாற் பார்த்தும் காணாவிடத்தே இன்மை ஓரளவு பெறப்படும்.

காணத்தக்க கருவிகள் இரண்டு. முதலாவது, பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். மலக்குடல் அதற்கு மிக அண்மையில் இருத்தலின், குடற்சுவரின் படலங்கள் தனித்தனியே புலப்படும். நோயுற்ற தசைப்படலம் தடித்துக் கருமையாய்த் தோன்றும். பல நாட்டு வல்லுநர் கூடிய ஐடியா என்னும் குழு, 2016-ஆம் ஆண்டில் இதனைச் செய்யும் முறையை நான்கு படிகளாக வகுத்தது. கருப்பையையும் சூலகங்களையும் ஆராய்தல் முதற்படி. எவ்விடத்து அழுத்தின் வலிக்கின்றது, சூலகம் எளிதில் அசைகின்றதா என நோக்குதல் இரண்டாவது. கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் குடல் தடையின்றி வழுக்கிச் செல்கின்றதா, அன்றி ஒட்டிக்கொண்டுள்ளதா என்று காணுதல் மூன்றாவது. சிறுநீர்ப்பைப் பக்கமும் குடற்பக்கமும் முடிச்சுகளைத் தேடி அளத்தல் நான்காவது. பயின்றவர் இங்ஙனம் செய்யுமிடத்து, மலக்குடல், சிக்மாய்டு ஆகிய பகுதிகளில் நோயுள்ளார் நூற்றுவருள் ஏறத்தாழ 91 பேரிடத்து அது கண்டுபிடிக்கப்படும் என்றும், நோயில்லார் நூற்றுவருள் ஏறத்தாழ 97 பேர்க்கு இல்லையென்றே வரும் என்றும் ஆய்வுகளின் தொகுப்புகள் கூறுகின்றன. ‘பயின்றவர்’ என்னும் சொல்லே இங்கு உயிர்நாடி. கருப்பையும் சூலகமும் மட்டும் பார்த்து முடிக்கும் வழக்கமான ஸ்கேன் முதற்படியோடு நின்றுவிட்டது. அதில் நோய் இல்லையென வருதல், ஏனைய மூன்று படிகளும் ஏறிப் பார்த்தமை ஆகாது.

இரண்டாவது கருவி எம்.ஆர்.ஐ. இஃது எக்ஸ் கதிர் இன்றி, காந்தப்புலத்தால் இடுப்புக்குழி முழுவதையும் படமாக்குவது. மலக்குடற் பகுதியில் இதன் திறன் முன்னதனோடு ஒப்ப நிற்பது. முன்னது எட்டாத உயரத்திலுள்ள சிறுகுடற் கடைப்பகுதி, பெருங்குடல் தொடக்கம் முதலியவற்றையும் காட்ட வல்லது. தசைப்படலம் தடித்துக் குடலின் உட்பக்கம் புடைத்து, மேலே சளிச்சவ்வு போர்த்து நிற்பதனைக் காளானின் குடைக்கு ஒப்பிடுவர் எம்.ஆர்.ஐ. படம் காண்போர். மணமாகாதார்க்கும், பிறப்புறுப்பு வழி ஸ்கேனை விரும்பாதார்க்கும் எம்.ஆர்.ஐ., வயிற்றின்மேல் வைத்துச் செய்யும் ஸ்கேன், ஆசனவாய் வழி ஸ்கேன் என்பன மாற்றாக உள்ளன. ஆதலின், ‘மணமாகாத பெண்ணுக்கு இதனை ஆராய வழியில்லை’ என்று கூறித் தாயும் மகளும் திரும்பிப்போக வேண்டுவதில்லை.

வயிற்றிற் சிறு துளையிட்டு உட்காணும் லாப்பராஸ்கோப்பியே நெடுங்காலம் இந்நோய்க்கு முடிந்த சான்றாகக் கொள்ளப்பட்டது. கண்ணாற் கண்டு, திசுவை எடுத்து, நுண்ணோக்கியில் உறுதிசெய்தாலன்றி நோயுண்டெனல் கூடாது என்றனர். அறுவைக்கு உடன்படும்வரை பெண்ணின் சொல் சான்றில்லாச் சொல்லாய் நின்றமைக்கு இக்கொள்கையும் ஒரு காரணம். ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டி இதனை மாற்றிற்று. படங்களில் நோய் தோன்றாதபோதும், மருந்து பயன்படாதபோதும், அன்றி மருந்து தருதல் தகாதபோதுமே துணிதற்பொருட்டு லாப்பராஸ்கோப்பி வேண்டும் என்பது அதன் கருத்து. லாப்பராஸ்கோப்பியும் பிழையற்ற காட்சியன்று. கருப்பையும் மலக்குடலும் ஒட்டிப் பள்ளம் மூடிக்கிடக்குமாயின், அதன்கீழ் உள்ள குடல் முடிச்சு மேலிருந்து நோக்குவார் கண்ணுக்கு மறைந்தொழியும். முன்னரே படமெடுத்து அறியாது துளையிட்டவர், குடல் தாக்குண்டமை கண்டு, குடலறுவை வல்லார் அருகில் இன்மையின் அவ்வளவில் மூடிவிட, நோயாளி இரண்டாம் முறை அறுவைக்கு உள்ளாக நேரும்.

படங்கள் எல்லாம் தெளிவாயிருந்தும் நோயிருத்தல் கூடும். மேற்பரப்பில் மெல்லியதாய்ப் படர்ந்த அகப்படல நோய் படத்திற் சிக்காதது. ஆதலின், படத்தில் இன்மை கண்டு பெண்ணின் உரையைத் தள்ளற்க என அவ்வழிகாட்டிகள் அறிவுறுத்துகின்றன. இதனால், காட்சி உரையைத் தள்ளாது அதற்குத் துணையாய் நிற்கவேண்டுவதாயிற்று.

துணிந்தபின் குறிக்கவேண்டுவன

‘குடலில் நோய் உண்டு’ என்னும் அளவோடு துணிதல் நிறைவுறாது. முடிச்சுகள் எத்தனை, ஒவ்வொன்றும் எத்துணை நீளம், எவ்வளவு ஆழம், குடலின் சுற்றளவில் எவ்வளவு பங்கு, ஆசனவாயினின்று எத்துணைத் தொலைவு, குடல் எவ்வளவு நெருங்கியுள்ளது ஆகிய யாவும் எழுதப்படல் வேண்டும். ஒரு முடிச்சு கண்டவிடத்து வேறும் இருத்தல் உண்டாதலின், முதலாவதைக் கண்டதும் தேடலை நிறுத்துதல் தகாது. 2021-இல் திருத்தி வெளியிடப்பட்ட என்சியான் என்னும் பாகுபாட்டில் மலக்குடலுக்கெனத் தனி இடம் உண்டு. 1 சென்டிமீட்டரிற் குறைந்தது, 1 முதல் 3 வரை, 3-க்கு மேற்பட்டது என மூன்று நிலையாக அதனைக் குறிப்பர்.

சிறுநீரகங்களையும் உடன் பார்த்தல் இன்றியமையாதது. ஆழமாய்ப் பரவிய அகப்படல நோய், சிறுநீரகத்தினின்று வரும் குழாயை அமுக்கி அடைத்தல் உண்டு. அது பெரும்பாலும் ஓசையின்றி நிகழும். வலியொன்றும் காட்டாது சிறுநீரகம் கெடும். ஓர் எளிய ஸ்கேனால் அறியத்தக்க இதனைப் பாராது விடுதல் பெருந்தீங்கு.

இத்துணை நுட்பமாக அளப்பது ஏன் எனின், மருத்துவம் அவ்வளவைப் பொறுத்து வேறுபடுதலின் என்க. ஹார்மோன் மருந்துகளால் வலியைத் தணித்து வாழ்வார் பலர். வருத்தம் செய்யாத முடிச்சை அறுக்காது, காலந்தோறும் நோக்கி வருதலும் உண்டு. அறுவை வேண்டுமாயின், முடிச்சைக் குடற்சுவரினின்று சீவியெடுத்தல், வட்டமாக வெட்டியெடுத்துத் தைத்தல், அப்பகுதியையே நீக்கி இருமுனைகளையும் இணைத்தல் என மூவழி உள. பின்னதாகச் செல்லச் செல்ல இடர் மிகும். தையல் கசிதலும், குடலுக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே துளை விழுதலும் அவ்விடர்களுட் சில. எவ்வழி தக்கது என்பதனை மருத்துவரும் நோயாளியும், பிள்ளைப்பேற்று விருப்பமும் கருதி, அறுவைக்கு முன்னரே கலந்து தெளிதல் வேண்டும். நன்கு துணியப்படாத நோய்க்கு அத்தெளிவு வாய்ப்பதில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், குடல் அகப்படல நோயைத் துணிதற்கு மூன்று அளவையும் ஒருங்கு வேண்டும் என்பது பெறப்பட்டது. உரை வழிகாட்ட, கருதல் அவ்வழியே நடக்க, காட்சி சென்று சேரும். உரையைத் தள்ளிய கருதல் ஐ.பி.எஸ். என்று திரியும், கருதலில்லாக் காட்சி குடலின் உட்புறத்தே நின்று ஒன்றுமில்லை என்று திரும்பும்.

மருத்துவர் செய்யவேண்டுவனவற்றை மருத்துவர் அறிவர். மொழி பயில்வார்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. இடக்கரடக்கல் அவையில் அழகு. மருத்துவர் முன்னிலையில் அது தீங்கு. நன்னூலார் அதனை ஓரிடத்திற்குரிய தகுதியாக வகுத்தாரேயன்றி, எல்லா இடத்திற்கும் உரிய விதியாக வகுத்தாரல்லர். எந்தச் சொல்லை எங்கே மறைப்பது, எங்கே திறப்பது என்று அறிதலும் தமிழறிவே. மாதவிடாய், மலம், ஆசனவாய், வலி என்னும் சொற்களைத் தயக்கமின்றிச் சொல்லும் துணிவைத் தாய் மகளுக்குக் கற்பிப்பாளாயின், தமக்கை தங்கைக்குக் கற்பிப்பாளாயின், சொல்லக் கேட்டார் ‘இஃது இயல்புதானே’ என்று அடைத்துவிடாது ‘எந்நாளில்? எவ்விடத்தில்? எவ்வாறு?’ என்று வினவுவாராயின், எட்டாண்டு எனக் கணக்கிட்ட அந்நெடிய இடைவெளியிற் பெரும்பகுதி, எக்கருவியும் தொடுதற்கு முன்னரே குறைந்துவிடும் என்பது இக்கட்டுரையின் துணிபு.